சாம்பார் வாளியும் மாணவர் விசாவும்

எங்கள் மலாக்கா பக்கத்துத் தமிழர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பந்தி நடக்கிற இடத்தில் சும்மா உட்கார வராது. யார் வீட்டுக் கல்யாணம், யார் மாப்பிள்ளை என்றெல்லாம் தெரிய வேண்டியதில்லை. வாளி ஒன்று தனியாக நின்றால் போதும், தூக்கிக்கொண்டு பரிமாறக் கிளம்பிவிடுவோம். பெம்பானில் ஒருமுறை முழுப் பந்திக்கும் ரசம் ஊற்றி முடித்த பிறகுதான், எங்களை அழைத்திருந்த கல்யாணம் அடுத்த மண்டபத்தில் என்று எனக்குத் தெரிந்தது. (அங்கேயும் போய் மோர் ஊற்றினேன்.)

இந்த வியாதியோடு மெல்பர்னுக்குப் படிக்கப் போனதுதான் வினை.

அப்பா குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பெர்மிட்டுகளைக் கவனித்தவர். மற்ற வீடுகளில் பூச்சாண்டி காட்டிச் சோறு ஊட்டுவார்கள். எங்கள் வீட்டில் இமிகிரேசன். என் விசா நிபந்தனைகளை என்னைவிட அவர்தான் ஊன்றிப் படித்தார். வகுப்பு நடக்கும்போது குறிப்பிட்ட மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். வகுப்பு தொடங்கும் முன் வேலையே கூடாது.

“பாப்பா, கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மங்கு கழுவிக் குடுத்தாகூட அது வேலதான். பிடிச்சான்னா ஃபிளைட் ஏத்திருவான் லா!”

புக்கிட் காத்திலில் எங்கள் தாமானே, குடியிருப்பு மொத்தமும், வேன் பிடித்து விமான நிலையம் வரை வந்து, மாலை போட்டு அனுப்பியிருந்தது. அந்த மாலை வாடுவதற்குள் திரும்பி வந்தால் எந்த முகத்தோடு தெருவுக்குள் நுழைவது? அந்தப் பயத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

தங்கிய வீட்டுக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். வேலை கேட்டேன். தருவதாகச் சொன்னார், ஆனால் விவரமானவர்.

“வகுப்புத் தொடங்கட்டும், பிள்ளை. அதுக்கு முதல் ஒரு கோப்பையும் தொடக்கூடாது, விளங்கிச்சோ?”

விளங்கியது. வகுப்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, நல்ல பிள்ளையாக அங்கே சாப்பிடத்தான் போனேன். அன்று வாழையிலைச் சாப்பாடு. கடை நிரம்பி வழிந்தது. பரிமாறுகிற பையன் வரவில்லை. பக்கத்து மேசைப் பெரியவர் வெறுஞ்சோற்றில் குழி பறித்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் சாம்பார் வாளி தனியாக நின்றது. அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கைதான் பொறுப்பு. கல்லாவிலிருந்து அன்ரி கண்ணாலேயே ‘வேண்டாம்’ என்றார். நான் பார்க்காததுபோல் அடுத்த மேசைக்குப் போனேன்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு கருநீலச் சீருடையில் ஓர் ஆணும் பெண்ணும் வந்தார்கள். கனத்த பூட்ஸ், தோளில் வாக்கி டாக்கி. அப்பாவின் கதைகளைத் தின்று வளர்ந்தவளுக்கு அந்த உடைக்கு ஒரே அர்த்தம்தான்.

ஓடினேன். வாளியை வைத்துவிட்டு ஓடலாம் என்கிற அறிவுகூட இல்லை. சாம்பார் தளும்பிக் காலில் கொட்ட, “ஐயோ அம்மா!” என்று அலறினேன். அவர்கள் இருவரும் “நில், நில்” என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். நிற்கிற நிலையிலா இருந்தேன்? சமையலறை வழியாகப் பின்சந்துக்குப் பாய்ந்தேன். எங்கள் ஊராக இருந்தால் செம்பனைத் தோட்டத்துக்குள் மறைந்திருக்கலாம். அங்கே குப்பைத் தொட்டிதான் இருந்தது. அதன் பின்னால் வாளியோடு குந்தினேன். சிந்திய சாம்பாரே அவர்களை நேராக என்னிடம் கூட்டி வந்தது.

இரண்டு கையையும் தூக்கினேன். தேர்வெழுதித் தேறிய ஆங்கிலம் மொத்தமும் எங்கோ போய்விட, மலாய்தான் வந்தது.

“என்சிக், சாயா தோலோங் சாஜா!” (ஐயா, நான் சும்மா உதவிதான் செய்தேன்!)

அந்தப் பெண் மண்டியிட்டு என் காலைப் பார்த்து, “ரொம்ப எரிகிறதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் அழுதுகொண்டே, “படிக்கத்தான் வந்தேன்” என்றேன்.

மூச்சிரைக்க அன்ரி வந்து சேர்ந்தார். “என்ன பிள்ளை நீர்! இவை ஆம்புலன்ஸ்காரர். ஞாயிறு தவறாமல் சாப்பிட வாறவை. நீர் காலைச் சுட்டுக்கொண்டு கத்தினபடியால் ஓடி வந்தவை!”

குழாயடியில் என் காலில் தண்ணீர் ஊற்றிக் கட்டுப்போட்ட பிறகுதான் அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். அதற்குள் சோறு ஆறியிருந்தது. விசா தப்பியது, வேலை போச்சு என்று நினைத்தேன். அன்ரி நல்லவர். வகுப்பு தொடங்கியதும் கூப்பிட்டு, சாம்பார் பக்கமே விடாமல் கல்லாவில் உட்கார வைத்தார். படிப்பு முடிகிறவரை அங்கேதான் இருந்தேன். அந்தக் கடையின் கறிவேப்பிலை வாசனை இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

ரகசியமாக அம்மாவிடம் மட்டும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் கோயில் வரை தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதில் மாட்டினாலும் ஒரே பதில்தான். தம்பி முறுக்கு டின்னில் கையோடு பிடிபட்டால், “சாயா தோலோங் சாஜா.”

போன வருடம் ஒருநாள் காலை அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நான் கேட்காமலேயே பின்னால் தொற்றி ஏறி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊழியர், “நீங்கள் யார்?” என்று மலாயில் கேட்டார்.

மகள் என்று நான் சொல்வதற்குள் அப்பா முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினார்.

“தியா தோலோங் சாஜா.” (இவள் சும்மா உதவிக்கு வந்தவள்.)

அவர் பிழைத்து வந்துவிட்டார். இப்போது பந்திக்குப் பந்தி இந்தக் கதையைச் சொல்கிறார், பரிமாறிக்கொண்டே.