முதல் ஞாயிற்றுக்கிழமைத் துப்புரவு

"ஃபைல் சேவ் ஆக மாட்டேங்குதுங்க. டிஸ்க்ல இடம் இல்லையாம்," என்றாள் மனைவி.

வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. அதிகாரியின் காதில் விழுந்துவிட்டது. போதாக்குறைக்கு அன்று மாதத்தின் முதல் ஞாயிறு.

அதிகாரி என்றால் பெரிதாக எதுவும் இல்லை. கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம். வீட்டில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. மாதம் தவறாமல் முதல் ஞாயிறன்று அதில் என்னென்ன மென்பொருள் இருக்கிறதென்று பட்டியல் எடுத்து, காகிதத்தில் அச்சடித்து, தேவையில்லாததைச் சிவப்புப் பேனாவால் அடித்து, ஒவ்வொன்றாகத் தூக்குவார். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் யாரையும் கேட்டுச் செய்யவில்லை.

"இன்னிக்கு வேண்டாமே," என்றாள் மனைவி. அவள் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். முந்நூற்றுப் பத்துப் பக்கம், சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். "லேட்டானா அடுத்த புத்தகம் வேற ஆளுக்குன்னு சொல்லிட்டாங்க."

"பத்தே நிமிஷம்."

அந்தப் பத்து நிமிஷத்தின் நீளம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகள் வேடிக்கை பார்க்க நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பட்டியல் நாற்பத்தொரு பக்கம் வந்தது. முதல் பக்கத்திலேயே பேனா நின்றது.

"இது என்ன? வெளியிலேர்ந்து இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள வர்றதுக்காம். நான் போடலையே?"

"அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே," என்றாள் மனைவி, கொஞ்சம் அவசரமாக.

"நான் போடாத எதுவும் என் மெஷின்ல இருக்கக் கூடாது." அடித்தார். தூக்கினார். மூக்குப்பொடி அளவு இடம் மிச்சமானது.

அடுத்து எழுத்துருக்கள். நூற்று முப்பது இருந்தன. ஒரு மனுஷனுக்கு எதற்கு இத்தனை என்று அத்தனையையும் வழித்தெடுத்தார். மனைவி ஃபைலைத் திறந்து பார்த்தாள். முந்நூற்றுப் பத்துப் பக்கமும் கட்டம் கட்டமாக இருந்தது.

"பிழையே இல்லைம்மா," என்றாள் மகள். "ஒரு எழுத்துகூடத் தப்பா இல்ல."

எழுத்துகளைத் திரும்ப இறக்கிப் பிரித்துப் போட இரட்டிப்பு இடம் வேண்டுமாம்; அது இல்லை. இடத்துக்காக அதிகாரி தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார்: இனி யாருக்கும் தேவைப்படாததை எல்லாம் ஒரே அடியாகத் தூக்குகிற கட்டளை. இதோடு நானூற்றுப் பன்னிரண்டு போகும், சம்மதமா என்று கம்ப்யூட்டர் மரியாதையாகத்தான் கேட்டது. தராசுக்கு முத்திரை குத்துகிற வேகத்தில் 'ஆம்' என்று தட்டினார். மவுஸ் நகர மறுத்தது. அதைச் சரிசெய்ய அணைத்துப் போட்டார். கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது.

"இடம் கிடைச்சுதாப்பா?"

"நிறைய."

"கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிடலாமா?" என்றாள் மனைவி.

"வெளியாள் கை என் மெஷின்ல படக் கூடாது. லினக்ஸைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? கொஞ்ச நேரம் சும்மா விட்டா தானே சரியாயிடும். போன மாசம் ஆகலையா? அதுக்கு முந்தின மாசம்?"

ஆகியிருந்தது, பொய்யில்லை. ஆறு வருஷமாக முதல் ஞாயிறுதோறும் அவர் மதியம் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும்.

"சரி, சாப்பிட்டுட்டுப் படுங்க," என்றாள் மனைவி, எப்போதும்போல. எப்போதும்போல ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

மூன்று மணிக்கு அதிகாரி எழுந்து வந்தார். திரை கறுப்பாகவே இருந்தது. மனைவி எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"பதினோரு வருஷத்துல ஒரு நாள்கூட நான் லேட்டா கொடுத்ததில்லை," என்றாள். சண்டைக்கு இழுத்திருந்தால்கூடத் தேவலை. அவள் குரல் உடைந்தது. எல்லாம் தன்னால்தான் என்பது அவருக்கு முதல்முறையாக உறைத்தது.

"அந்தக் கடைக்காரரைக் கூப்பிட்டுடு," என்றார் தரையைப் பார்த்தபடி.

சொல்லி வாய் மூடவில்லை, அழைப்பு மணி அடித்தது. கடைக்காரர்தான். தோளில் பை, தலையில் ஹெல்மெட். ஃபோனே பண்ணாமல் எப்படி வந்தார் என்று யோசிக்கும் நிலைமையில் அதிகாரி இல்லை.

மனிதர் பென் டிரைவைச் செருகி வேலையில் இறங்கினார். கட்டங்கள் எழுத்துகளாயின. நாலே முக்காலுக்கு முந்நூற்றுப் பத்துப் பக்கமும் பதிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரிக்குப் போன உயிர் திரும்பியது. கூடவே பழைய மிடுக்கும் திரும்பியது.

"உங்களுக்கு வீண் அலைச்சல். இன்னும் ஒரு மணி நேரம் தூங்கியிருந்தேன்னா அதுவே சரியாகியிருக்கும். ஆறு வருஷமா அப்படித்தான் ஆகுது," என்றார்.

கடைக்காரர் பையை மூடி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"ஆறு வருஷமா நீங்க படுத்ததும் அக்கா ஃபோன் பண்ணுவாங்க, நான் கடையில உட்கார்ந்தபடியே உள்ள நுழைஞ்சு சரி பண்ணிடுவேன் சார், இன்னிக்கு முதல் பக்கத்துலயே நான் வர்ற வழியைத் தூக்கிட்டீங்க, அதான் வண்டி எடுத்துக்கிட்டு வர வேண்டியதாப் போச்சு."