அழிக்க வேண்டிய டேப் ஒன்று இருப்பதால் வர இயலவில்லை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. என் நலத்தைச் சொல்லிவிட்டு உங்கள் நலத்தைக் கேட்பதுதான் முறை. இந்தத் தடவை வரிசையை மாற்றிக்கொள்கிறேன், ஏனென்றால் என் நலத்தைப் பற்றி ஆரம்பித்தால் பேனா நிற்காது. உங்கள் முதுகு வலி தேவலையா? பாப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? பேத்திக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

நீங்கள் போனில் சொன்னதைத்தான் நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். "மாமா, அங்க தனியா எதுக்குக் கெடக்கறீங்க? இங்க வந்துடுங்க. மாடி ரூம் சும்மாதான் இருக்கு" என்றீர்கள். இந்தக் காலத்தில் எந்த மருமகன் இப்படிக் கூப்பிடுவான்! என் பெண் பாப்பா கொடுத்து வைத்தவள். ஆனால் மாப்பிள்ளை, வர இயலாது. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. தனிமை, தனிமை என்று நீங்களும் பாப்பாவும் மாற்றி மாற்றிச் சொல்கிறீர்களே, அதெல்லாம் வேலையில்லாதவர்களுக்கு வருவது. எனக்கு மூச்சு விட நேரமில்லை.

வீட்டு நிர்வாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அத்தை போன பிறகு, ஆபீஸில் டேட்டாவைக் காப்பாற்றுகிற அதே முறைப்படிதான் வீட்டையும் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்து, நாள்வாரியாக டப்பாவில் போட்டு, லேபிள் ஒட்டி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். போன வியாழக்கிழமை டப்பாவைத் திறந்தால், அது செவ்வாய்க்கிழமையே உயிரை விட்டிருந்தது. சரி, போகட்டும். எங்கள் தொழிலில் ஒரு வேதவாக்கு உண்டு: ஒரு பிரதி எப்போதும் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். இங்கே தீப்பிடித்தாலும் அங்கே பிழைக்குமல்லவா? அதன்படி வீட்டுச் சாவியின் இரண்டாவது பிரதியை எதிர்வீட்டு டெய்லரிடம் கொடுத்து வைத்திருந்தேன். முதல் பிரதியை உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்ட அன்றைக்குப் போய்ப் பார்த்தால் டெய்லர் வீட்டில் ஈ காக்கை இல்லை. வேறு ஊருக்கே குடிபோய்விட்டார், என் சாவியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு. அவர் போனது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்பதுதான் ஆச்சரியம், எதிர்வீடு வேறு. பூட்டை உடைக்க வந்தவர், "வீட்ல வேற யாரும் இல்லீங்களா?" என்று கேட்டார். "இருக்காங்க, வெளியே போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

இருக்கட்டும். வர முடியாததற்கு உண்மைக் காரணம் ஒரு டேப். உங்களிடம் மறைப்பானேன்? எங்கள் மின்சாரக் கம்பெனி ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிறது. அதன் தரைக்குக் கீழே இருக்கிற என் அறையில் ஒரே ஒரு ட்யூப்லைட், அதுவும் கண்ணடிக்கும். மேலே சர்வரில் இருக்கிற கணக்கு, புகார், வாடிக்கையாளர் விவரம் எல்லாவற்றையும் தினமும் டேப்பில் நகல் எடுத்து வைப்பது என் வேலை. தினசரி டேப்பின் மேலேயே அடுத்த வாரம் எழுதிவிடுவோம். வாராந்தர டேப் ஒரு மாதம் தாக்குப்பிடிக்கும். வருஷக் கடைசியில் எடுக்கிற டேப்பை மட்டும் ஏழு வருஷம் அலமாரியில் வைத்துப் பூட்டுவோம். இதற்கு எங்கள் தொழிலில் தாத்தா, அப்பா, மகன் முறை என்றே பெயர். மகனுக்கு ஆயுசு ஒரு வாரம், அப்பாவுக்கு ஒரு மாதம், தாத்தாவை யாரும் தொட மாட்டார்கள், இருட்டில் உட்கார வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். "வீட்டுலயும் அப்படித்தானே!" என்று உங்கள் அத்தை சிரிப்பாள். ஏழு வருஷம் முடிந்ததும் தாத்தாவையும் அழித்தாக வேண்டும். அதுவும் விதி. இந்த மாதம் அழிக்க வேண்டிய டேப்பில் உங்கள் அத்தையின் குரல் இருக்கிறது.

அது எப்படி மின்சாரக் கம்பெனி டேப்புக்குள் போயிற்று என்று கேட்பீர்கள். என் அறையில் செல்போன் சிக்னல் எட்டாது. கம்பி போட்ட போனும் இல்லை, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். என்னைப் பிடிக்க வேண்டுமென்றால் உங்கள் அத்தை என்ன செய்வாள் தெரியுமா? கம்பெனியின் வாடிக்கையாளர் புகார் எண்ணைக் கூப்பிடுவாள். கரண்ட் போனவர்கள் கூப்பிடுகிற எண், மாப்பிள்ளை! அதில் புகார் பதிவு செய்வாள். "வீட்டுக்காரர் குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார்." "தக்காளி வாங்கி வரச் சொல்லவும்." "அலமாரிச் சாவியை எங்கே வைத்தார் என்று கேட்டுச் சொல்லவும்." ஒவ்வொன்றுக்கும் புகார் எண் விழும். சம்பந்தப்பட்ட ஊழியர் கையெழுத்துப் போடாமல் எந்தப் புகாரையும் முடிக்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே புகார் பிரிவிலிருந்து யாராவது ஒருத்தர் சீட்டை எடுத்துக்கொண்டு அத்தனை படியும் இறங்கி வருவார்கள். வந்தவர்கள் சும்மாவும் போவதில்லை. "உஸ்ஸப்பா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அவர்கள் வீட்டுக் கதை, மேலே யார் யாரோடு சண்டை என்பதெல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். தினமும் இந்தத் தொல்லை. எனக்கு மானம் போயிற்று. "ஏண்டி, கம்பெனியே என்னைப் பார்த்துச் சிரிக்குது" என்று சாயங்காலம் போய்ச் சண்டை போடுவேன். "சிரிக்கட்டுமே, நல்லதுதானே" என்பாள். இப்போது புகார் இல்லை, சீட்டு இல்லை, ஒருத்தரும் கீழே வருவதில்லை. வேலை தங்கு தடையில்லாமல் ஓடுகிறது. நிம்மதி.

அந்தப் புகார் அழைப்புகளை எல்லாம் ஒலிப்பதிவு செய்வார்கள். இந்த டேப் எடுத்த வருஷத்தோடு, குரல்கள் இடத்தை அடைக்கின்றன என்று வருஷ டேப்பில் எழுத்தை மட்டும் ஏற்ற ஆரம்பித்துவிட்டோம். ஆக, உங்கள் அத்தையின் குரல் இருக்கிற டேப் உலகத்தில் இது ஒன்றுதான். உங்கள் கல்யாண வீடியோவில் தேடிப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்கிற இடத்திலெல்லாம் அந்த வீடியோக்காரன் பாட்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறான், அவன் கையில் கொள்ளி வைக்க. போன வருஷம் இதே மாதம் இதற்கு முந்தைய டேப்பை என் கையாலேயே அழித்தேன். அன்றைக்கு அவள் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். குரலுக்கா அப்போது பஞ்சம்?

இந்த டேப்பை அழிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. பழைய டேப்பிலிருந்து டேட்டா திரும்பி வருகிறதா என்று அவ்வப்போது சோதனை செய்ய வேண்டும் என்பதும் விதிதான், எந்த டேப் என்பது என் இஷ்டம். எங்கள் மேனேஜர் 'என்ன அப்டேட்?' என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் அவருக்கு அப்டேட் என்றே பெயர். அவரிடம் போய் நின்றேன். "சார், ஏழு வருஷத்து டேப்பைச் சோதிச்சுப் பார்க்கணும்." "பண்ணுங்க பண்ணுங்க. என்ன அப்டேட்?" "இனிமேதான் சார் ஆரம்பிக்கணும்." "குட். தினமும் அப்டேட் குடுங்க."

பிடித்தது சனியன். இப்போதிருக்கிற டிரைவ் அவ்வளவு பழைய டேப்பைப் படிக்காது, உள்ளே போட்டதும் துப்பிவிட்டது. பழைய டிரைவைத் தேடினால், ஸ்டோர் ரூம் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதை மீட்டதும் கதவு சாத்திக்கொண்டு ஸ்டோர்கீப்பர் உள்ளே மாட்டிக்கொண்டார். அந்த டிரைவுக்கான கேபிள் தடிமனாக, நீளமாக இருக்கும். அதைக் காவலாளி மொட்டை மாடியில் துணி காயப்போடக் கட்டியிருந்தார். "நல்லாக் காயுது சார், இதைப் போய்க் கேக்கறீங்களே" என்று மனத்தாங்கலோடுதான் அவிழ்த்தார். எல்லாம் மாட்டி, டேப்பை உள்ளே தள்ளி, நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். டிரைவ் கொஞ்ச நேரம் உறுமியது. பச்சை விளக்கு எரிந்தது. 'வெற்றிகரமாக முடிந்தது' என்று திரையில் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு பார்த்தால், நான் போட்டது டிரைவைச் சுத்தம் செய்கிற கிளீனிங் டேப். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இத்தனை வருஷ சர்வீஸில் புதிதாக வந்த பிள்ளைகள் இந்தத் தப்பைச் செய்தால் எத்தனை பேச்சு பேசியிருப்பேன்!

மறுநாள் சரியான டேப்பையே போட்டேன். டேட்டா வந்தது. அந்த டேட்டாபேஸைத் திறக்கப் பழைய மென்பொருள் கேட்டது, அதையும் பிடித்தேன். நம் வீட்டு போன் எண்ணைப் போட்டுத் தேடினேன். புகார்கள் வரிசையாக வந்து விழுந்தன, திரை கொள்ளவில்லை. முதல் குடைப் புகாரை அழுத்தினேன்.

"வணக்கம், வாடிக்கையாளர் சேவை, சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல். அப்புறம் ஒன்றும் இல்லை. வெறும் இரைச்சல். "ஆமாம்மா, நான்தான். நல்லா இருக்கேன்மா." மறுபடி இரைச்சல். "குடையா? இன்னைக்கும் மறந்துட்டாரா?" இரைச்சல், நெடுநேரம். பிறகு அந்தப் பெண்ணின் சிரிப்பு. "அய்யோ, அதையெல்லாம் நான் எப்படிம்மா எழுதறது?" இரைச்சல். "சரிம்மா, நானே போறேன். இல்லம்மா, சீட்டை வச்சுட்டு உடனே ஓடி வந்துட மாட்டேன்." அவ்வளவுதான். அடுத்த புகாரும் அப்படியே. அதற்கடுத்ததும். பதிவுக் கருவியில் வாடிக்கையாளர் பக்கத்து ஒயரை யாரும் செருகவே இல்லை. எல்லா அழைப்பிலும் கம்பெனி மட்டும் பேசுகிறது. இத்தனை காலமும் டேப் பத்திரம், டேப் பத்திரம் என்று நான் மார்தட்டியது இந்த அரைகுறையை வைத்துக்கொண்டுதான். எழுத்து சரியாக இருக்கிறதா என்று சோதித்தேனே தவிர, குரலைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

இருந்தாலும் எல்லாவற்றையும் கேட்டேன், மாப்பிள்ளை. அவள் பேசியிருக்க வேண்டிய இடத்தில் என்ன சொல்லியிருப்பாள் என்று நானே மனசுக்குள் போட்டுப் போட்டுப் பார்த்தேன். சில இடத்தில் பொருந்தியது. அந்தப் பெண் எதற்குச் சிரித்தாள் என்பது மட்டும் கடைசி வரை பிடிபடவில்லை. கோபம் வந்து, 'ஒலிப்பதிவில் ஒரு பக்கம் இல்லை' என்று புகார் பிரிவுக்கே முறைப்படி ஒரு புகார் எழுதிப் போட்டேன். அப்டேட் வந்து, "என்ன அப்டேட்?" என்றார். "பாதி சார்" என்றேன். "குட்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே, இதனால் தங்களுக்குத் தெரிவிப்பது: டேப் விஷயம் இப்படி முடிந்தாலும், நான் இருக்கிற இடத்திலேயே இருக்கிறேன். பேச்சுத் துணை வேண்டும் என்று நான் என்றைக்கும் ஏங்கினதில்லை, என் சுபாவம் அப்படி. மாடி ரூமில் துணி காயப்போடுங்கள். பாப்பாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், அழுவாள். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து, ஒருவருக்கொருவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். பேத்திக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு மறுபடி கிழித்து இதை எழுதுகிறேன். இன்று மத்தியானம் புகார் பிரிவு மேடம் கீழே வந்தாள், நான் எழுதிப் போட்ட புகாரை முடிக்க என் கையெழுத்து வேண்டுமாம். டேப்பில் சிரித்த பெண் இவள்தான். இப்போது அந்தப் பிரிவுக்கே தலைமை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்தப் பக்கம் பதிவாகலைன்னா என்ன சார், எங்களுக்கு மனப்பாடமாத் தெரியும்" என்றாள். "'குடை கிடக்கட்டும்மா, அது ஒரு சாக்கு'ன்னு உங்க வீட்டு அம்மா சொல்வாங்க. 'அந்த மனுஷன் காலையில இருந்து ஒரு முகத்தைப் பார்க்காம அந்தப் பள்ளத்துல உட்கார்ந்திருப்பார். யாராவது வந்து பேசினா அவ்வளவு சந்தோஷப்படுவார், ஆனா வாயைத் திறந்து வாங்கன்னு கூப்பிடத் தெரியாது. ஒருத்தர் போய்க் கொஞ்ச நேரம் பேசிட்டு வாங்கம்மா, புகார்ல என்ன வேணா எழுதிக்குங்க'ன்னு சொல்வாங்க. நாங்க எல்லாரும் முறை போட்டுக்கிட்டுத்தான் சார் வருவோம். அம்மா போனதுக்கு அப்புறம், புகார் இல்லாம எப்படிக் கீழே வர்றதுன்னு எங்களுக்குத்தான் தெரியலை." மேடம் எழுந்து போன பிறகு டேப்பை அழித்துவிட்டேன், விதி விதிதான். மேலே நான் எழுதியதில் நலம் விசாரித்ததையும் ஆசீர்வாதத்தையும் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள். எனக்குக் கூப்பிடத் தெரியாது என்று உங்கள் அத்தை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். தெரியும். மாப்பிள்ளை, என்னால் முடியவில்லை, வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்.