புளி போட்டு விளக்கிய வெள்ளி ரூபாய்

வருகிற ஞாயிற்றுக்கிழமை பொன்னாடை போர்த்திக்கொண்டே தீருவது என்று புதன்கிழமை காலை பல் விளக்கும்போதே இளங்கோவன் முடிவு செய்துவிட்டார். யார் போர்த்துவார்கள், எதற்குப் போர்த்துவார்கள் என்பதெல்லாம் வாய் கொப்பளித்த பிறகு யோசித்ததுதான்.

வழி ஒன்று இருந்தது. டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழங்காசுக் கண்காட்சி. வீட்டில் பழைய நாணயம் இருந்தால் கொண்டுவரலாம். அரிய நாணயமாக இருந்தால் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, சொந்தக்காரர் பெயரை எழுதி, மேடையேற்றிப் பொன்னாடையும் போர்த்துவார்கள். நோட்டீஸில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

இளங்கோவன் செவிலிமேட்டில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். பிறந்தது கூரம். "பல்லவன் செப்பேடு கெடச்ச ஊருப்பா எங்க ஊரு. சரித்திரம் என் ரத்தத்துலயே ஓடுது" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். வந்தவர் பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ் கேட்டு வந்திருப்பார். பாவம், பல்லவனைப் பற்றிக் கேட்டு முடித்தால்தான் அவருக்கு டைல்ஸ் கிடைக்கும்.

அவருடைய மனைவி துர்காதேவியிடம் ஒரு தகர டப்பா உண்டு. அவளுடைய தாத்தா பர்மா சண்டைக்குப் போய்ச் சம்பாதித்த வெள்ளி ரூபாய்கள். அம்மா பொன்னியம்மாள் கைக்கு வந்து, கல்யாணத்தில் துர்காதேவிக்குச் சீராக வந்தவை. பீரோவில் பூட்டி வைத்திருந்தாள்.

"இந்தா பாரு துர்கா, உனக்கு ஒண்ணு தெரியுமா?" என்று ஆரம்பித்தார் இளங்கோவன்.

அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க."

"ரெண்டாவது உலக சண்டை வந்துச்சா, வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்துடுச்சு. நாப்பதாம் வருஷத்துல இருந்து வெள்ளைக்காரன் ரூபாயில பாதிதான் வெள்ளி. மீதி செம்பு, நிக்கல்னு கலந்துட்டான். கள்ளக்காசு அடிக்கக் கூடாதுன்னு ஓரத்துல புதுசாக் கோடு வேற போட்டான். அதுக்கு முன்னாடி அடிச்சதெல்லாம் கிட்டத்தட்ட முழு வெள்ளி. அதுலயும் முப்பத்தொன்பதாம் வருஷத்து ரூபா வெளிய வந்ததே கொஞ்சம்தானாம். ஒண்ணு வச்சிருந்தா அவன்தான் ராஜா!"

"இதெல்லாம் யாரு சொன்னது?"

"சரித்திரம் சொல்லுது."

"உங்க போனு கத்துச்சு. சமையக்கட்டு வரைக்கும் கேட்டுது. பாதியிலயே நிறுத்திட்டீங்களே?"

"மீதியில என்னா இருக்கப்போவுது? லைக் போடு, ஷேர் பண்ணுன்னு கெஞ்சிக்கினு இருப்பான். நீ டப்பாவைக் குடு."

"எதுக்கு?"

"கண்காட்சிக்கு. கண்ணாடிப் பெட்டிக்குக் கீழ 'இளங்கோவன், கூரம்'னு பேரு போடுவாங்க."

கத்தி நின்றது. "எங்க தாத்தா குண்டடி பட்டு வாங்கின காசுக்கு உங்க பேரா?"

"நீ வேற நான் வேறயா?"

"பொன்னாடை வாங்க மட்டும் ஒண்ணு. ரேஷன் வாங்கன்னா வேற வேற. அந்த டப்பா மேல கை வைக்காதீங்க. மஞ்சளும் குங்குமமும் அப்பிக்கினு கெடக்குது. வெள்ளி விளக்குறதுன்னா சும்மா இல்ல, உங்களுக்கெல்லாம் வராது. இருபத்தாறு வருஷத்துல ஒரு டம்ளர் கழுவியிருப்பீங்களா?"

இது இளங்கோவனுக்குச் சுருக்கென்று தைத்தது. காரணம் இருக்கிறது. துர்காதேவியின் அண்ணன் மயில்வாகனம், கல்யாணமான மறுநாளிலிருந்து ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டு அலைகிறவர். "எங்க மாப்ளைக்கு எந்த வேலையும் முழுசாச் செய்ய வராது." வளைகாப்பில் சொன்னார். புதுமனை புகுவிழாவில் மைக்கிலேயே சொன்னார். அந்த வாயை அடைக்க ஒரு பொன்னாடை போதும். இளங்கோவன் உடனே போன் போட்டார்.

"மச்சான், ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மண்டபத்துக்கு வந்துடு. பொன்னாடை போடறதை வீடியோ எடுக்கணும்."

"யாருக்குப் போடறாங்க மாப்ள?"

"எனக்குத்தான்."

"அவசியம் வரேன் மாப்ள" என்றார் மயில்வாகனம்.

மறுநாள் துர்காதேவி திருப்புட்குழியில் இருக்கும் தங்கை இந்திராணி வீட்டுக்குக் கிளம்பினாள். "சாயங்காலம்தான் வருவேன். பீரோ பக்கம் போகாதீங்க" என்று வாசலில் நின்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். இளங்கோவன் கடையை வேலைக்காரப் பையனிடம் விடாமல் ஷட்டரையே இறக்கிவிட்டு வந்தார்.

அட, அன்றைக்கு அவருக்கு என்ன யோகம் பாருங்கள்! பீரோ சாவி ஆணியில் தொங்கியது. அடுப்பங்கரை மேடையில் பெரிய கிண்ணம் நிறையப் புளி ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் திருநீறு பொட்டலம், பழைய பிரஷ். அவ்வளவு புளியில் தெருவுக்கே ரசம் வைக்கலாமே என்று வேறொருவன் யோசித்திருப்பான். நம் ஆள் சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார், அவ்வளவுதான்.

டப்பாவில் இருபது ரூபாய்கள் இருந்தன. அடியில் முடிச்சு அவிழ்ந்த பழைய மஞ்சள் துணி ஒன்று. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். புளி போட்டுத் தேய்த்தார். திருநீறு போட்டுத் தேய்த்தார். காசில் இருந்த ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டு விழாவிலும் அப்படியொரு குளியல் நடந்திருக்காது. விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போய், மூன்று மணி நேரம் கழித்து, அந்த மஞ்சள் துணியிலேயே துடைத்து வைத்தார். இருபதும் புது ஜரிகை மாதிரி மின்னின. அந்த மினுக்கில் வருஷத்தைப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. பட்டுப்புடவை முந்தானையை வெயிலில் பிடித்து, ஜரிகை மின்னினால்தான் காசை எடுக்கிற ஊர் இது. அந்த ஊர்க்காரருக்குப் பளபளப்பே மதிப்பு என்று தோன்றியதில் தப்பே இல்லை. 'வராதுன்னா சொன்ன? வந்து பாருடி!' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, டப்பாவைக் கடைக்குக் கொண்டுபோய் ஒளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே துர்காதேவி மாம்பழ நிறக் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, "டவுன்ல ஒரு விசேஷம்" என்று கிளம்பிவிட்டாள். தொல்லை விட்டது என்று இளங்கோவனும் புது வேட்டி கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்.

நாணயங்களைப் பரிசோதிக்க வெள்ளைக் கையுறையும் லென்ஸுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். சட்டையில் சிம்ரன் என்று பேட்ஜ். இளங்கோவன் மேஜையில் ரூபாய்களைப் பரப்பினார். அவள் கண் கூசி ஒரு நிமிஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அங்கிள், இதை யாரு க்ளீன் பண்ணது?"

"நான்தாம்மா!" இளங்கோவனின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. "ஒத்தை ஆளா, மூணு மணி நேரம்."

"என்னா போட்டீங்க?"

"புளி. அப்புறம் திருநீறு."

சிம்ரன் லென்ஸைக் கீழே வைத்துவிட்டாள். "அங்கிள், எல்லாமே நாப்பதுக்கு அப்புறம் அடிச்ச காயின். நெறைய கெடைக்கும். அதுலயும் பழைய காசு மேல படியற கருப்புதான் அதோட வயசுக்கு சாட்சி. கலெக்டர்ஸ் அதுக்குத்தான் காசு குடுப்பாங்க. தேச்சா கீறல் விழும், டிசைன் போயிடும். இதோ பாருங்க, ராஜாவுக்கு மூக்கே இல்ல. இதுக்கெல்லாம் இனிமே வெறும் வெள்ளி வெலதான். எந்த வீடியோவுலயும் கடைசியில சொல்லுவாங்களே, கழுவாதீங்கன்னு?"

இளங்கோவன் காசுகளை ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் போட ஆரம்பித்தார்.

"நீங்க எந்த ஊரு அங்கிள்?"

"கூரம்" என்றார், முனகலாக.

"அய்யோ, செப்பேடு கெடச்ச ஊரு! அதை யாராவது புளி போட்டுத் தேச்சாங்களா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பினால் மயில்வாகனம். கையில் போன். எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இளங்கோவன் நின்றபோது மைக்கில் அறிவித்தார்கள். "இன்றைய கண்காட்சியின் சிறந்த நாணயம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் ஆண்டு வெள்ளி ரூபாய். உரிமையாளர், செவிலிமேடு துர்காதேவி!"

மாம்பழ நிறப் பட்டு மேடையேறியது. கண்ணாடிப் பெட்டிக்குள் கருத்துப்போன ஒற்றை ரூபாய், யாரும் தொட்டுத் தேய்க்காமல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. துர்காதேவி மைக்கைப் பிடித்தாள்.

"எங்க தாத்தா சண்டைக்குப் போனப்ப, அவரு திரும்பி வரணும்னு வீட்டுல திருப்பதிக்கு வேண்டிக்கினு, இந்த ரூபாவை மஞ்சத்துணியில முடிஞ்சு வச்சாங்க. தாத்தா வந்துட்டாரு. 'உண்டியல்ல வேற பத்து ரூபா போடறேன், என்னைக் கூட்டிக்கினு வந்த காசு இது, இது நம்ம வீட்டுலயே இருக்கட்டும்'னு சொன்னாரு. அன்னையில இருந்து முடிச்சை யாரும் அவுக்கல. போன மாசம் ஒரு வீடியோவைக் கடைசி வரைக்கும் பார்த்துட்டுத்தான் நான் அவுத்தேன்."

முன்வரிசையில் ஒருவர் எழுந்து பெரிய தொகை ஒன்றைச் சொன்னார். "விக்கிறதுக்கு இல்லீங்க" என்றாள், ஒரே வார்த்தையாக. மண்டபமே கைதட்டியது. எல்லாரையும்விட ஓங்கித் தட்டியது இளங்கோவன்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என் சம்சாரம்பா! என் சம்சாரம்!" என்று பக்கத்தில் இருந்தவர் முதுகிலும் சேர்த்துத் தட்டினார். வந்த வேலை மறந்தே போனது.

பொன்னாடையோடு அவள் இறங்கி வந்ததும்தான் ஞாபகம் வந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா துர்கா?"

"சொல்லியிருந்தா அதையும் தேச்சிருப்பீங்க."

"மத்த இருபதையும் நான் பாழாக்கிட்டேனே!"

"நீங்க எங்க பாழாக்கினது? வருஷா வருஷம் ஆடி வெள்ளி பூஜைக்கு நான்தான் தேய்க்கிறேன். ராஜாவுக்கு மூக்கு போயிப் பத்து வருஷம் ஆவுது. இந்த வருஷம் எனக்குத் தோள்பட்டை வலி, கையைத் தூக்க முடியல. அதான் புளியை ஊற வச்சு, சாவியை மாட்டிட்டு, வராதுன்னு ஒரு வார்த்தையும் சொல்லிட்டுப் போனேன்."

இளங்கோவன் மூன்று மணி நேரம் தேய்த்த தன் விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மயில்வாகனம் ஓடி வந்து அவர் தோளைத் தட்டினார். "இருபத்தாறு வருஷத்துல இன்னைக்குத்தான் எங்க மாப்ள ஒரு வேலையை முழுசா முடிச்சிருக்காரு!"

துர்காதேவி பொன்னாடையை எடுத்துக் கணவர் தோளில் பரிவோடு போர்த்திவிட்டாள்.

"எங்க முடிச்சாரு அண்ணா? குத்துவிளக்கு ரெண்டு அப்படியே கெடக்குது."