ஆறு என்று எழுதியவள்

கணீர் கணீரென்று அதிர்ந்தது, கல்லூரி வாசலில் மணியாகத் தொங்கும் பழைய லாரிச் சக்கர வளையம். மனித குலம் சிந்திக்கத் தொடங்கிய பிறகு கூடிய கூட்டங்களிலேயே மகத்தானது அன்று ககமேகா ஊரில் கூடவிருந்தது. விசாரிக்கப்பட வேண்டியவள் மாணவி நசிமியு. குற்றம், சிந்தித்தது.

பாடத்தின் பெயர் 'கேள்வி கேட்டுச் சிந்தித்தல்'. தேர்வில் ஒரே வினா: 'பெரியவர்கள் சொல்வதை அப்படியே ஏற்கக் கூடாது என்பதற்கான ஏழு காரணங்களை, வகுப்பில் சொன்னபடியே எழுதுக.'

முந்நூற்றுப் பதினோரு பேர் காற்புள்ளி பிசகாமல் ஏழையும் எழுதினார்கள். சுதந்திரச் சிந்தனை அந்த அளவுக்கு அவர்களிடம் வேரூன்றியிருந்தது. நசிமியு மட்டும் ஆறு எழுதிவிட்டு, 'நாலாவதும் ஆறாவதும் ஒன்றே' என்று அடியில் குறித்தாள். விரிவுரையாளர் பராசா விடைக்குறிப்பைப் பார்த்தார். 'ஏழு இல்லையேல் பூஜ்யம்' என்றிருந்தது. பூஜ்யம் போட்டார்.

வெள்ளிக்கிழமை பட்டமளிப்பு விழா. அவள் அப்பா மட்டாட்டு வண்டி பேசிவிட்டார். உறவினர் பதினான்கு பேர், இசுகுட்டி மேளக்காரர்கள் மூன்று பேர். வீட்டில் நான்கு கோழிகள் கூடைக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தன. பட்டம் பெறுவோர் பட்டியலில்தான் அவள் பெயர் இல்லை.

"உக்காரு பொண்ணே," என்றார் துறைத்தலைவர் வமால்வா தம் அறையில், மண்டாசிப் பணியாரத்தைத் தேநீரில் நனைத்தபடி. "மனசுல இருக்கறதைப் பயப்படாம சொல்லு. இங்க யாரு வேணா பேசலாம்."

அவள் வாயைத் திறந்தாள்.

"இரு, நான் பேசி முடிச்சிடறேன்."

முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு பராசா எழுந்து குறிப்பை வாசித்தார். நாலாவது காரணம்: 'பெரியவர்களும் தவறு செய்யக்கூடும்.' ஆறாவது காரணம்: 'பெரியவர்களும் தவறு செய்யக்கூடும்.'

துறைத்தலைவரின் கன்னத்துக்குள் மண்டாசி அப்படியே நின்றது.

"ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுதானே முவாலிமு?" என்றாள் நசிமியு, ஆசிரியரை அழைக்கும் மரியாதையோடு.

"மேலோட்டமாப் பாத்தா அப்படித்தான் தெரியும்," என்றார் வமால்வா. " நாலாவதுல அது கருத்து. ஆறாவதுல அது வலியுறுத்தல். இந்தக் குறிப்பைப் பத்தொன்பது வருஷம் முன்னாடி எழுதுனது யாரு தெரியுமா?"

"தெரியாது முவாலிமு."

"நான்!"

"அப்போ உங்களுக்கு நாலாவது காரணம் பொருந்துமே?"

"ஆறாவதும்," என்றார் பராசா வாய் தவறி. உடனே பலமாக இருமினார்.

வமால்வா அந்த இருமலைப் பெருந்தன்மையோடு மன்னித்தார். "நீ சொல்றது சரின்னா மத்த முந்நூத்திப் பதினோரு பேரும் ஃபெயிலு. வெள்ளிக்கிழமை நீ ஒருத்தி மட்டும் கவுன் மாட்டிட்டு வந்து, உனக்கு நீயே கை தட்டிக்குவியா? யோசிச்சுப் பாரு. அதுக்குத்தானே இந்தப் பாடமே!"

அவள் யோசித்தாள். வண்டியும் மேளமும் கோழிகளும் வரிசையாக நினைவுக்கு வந்தன.

வெள்ளைத் தாள் ஒன்று அவள் முன் வைக்கப்பட்டது. ஐந்து காரணங்கள் வரை பேனா தடையின்றி ஓடியது. ஆறாவதில் சற்றே நின்றது. பிறகு, பெரியவர்களும் தவறு செய்யக்கூடும் என்று இரண்டாம் முறையாக எழுதியது. ஏழாவதையும் முடித்து நீட்டினாள். 'சுயமாகச் சிந்திக்கும் திறன்: மிகச் சிறப்பு' என்று முத்திரை விழுந்தது.

பராசா வராந்தாவில் அவளை எட்டிப் பிடித்தார். "மனசுல வெச்சுக்காத. நீ எழுதின ஆறுதான் சரி."

"தெரிஞ்சுமா பூஜ்யம் போட்டீங்க?"

அவர் துறைத்தலைவரின் கதவைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் ஆறுன்னு எழுதி, அதே நாற்காலியில உக்காந்து ஏழாக்கினவன்தாம்மா. அப்படித்தான் இந்தப் பாடம் நடத்துற வேலையே எனக்குக் கிடைச்சுது. விழா முடிஞ்சதும் உன்னையும் வந்து பாக்கச் சொல்றாரு."