பின்பக்கமாகவே கிருஷ்ணகிரி சேர்ந்த கார்

மனிதன் சந்திரனில் கால் வைப்பதற்கு ஒரு மாதம் முன்பே, அதைவிடக் கடினமான பயணம் ஒன்று ஓசூரிலிருந்து நடந்து முடிந்துவிட்டது. ஜெபமணியின் கார் கிருஷ்ணகிரி வரை முப்பது மைலையும் பின்பக்கமாகவே ஓடிக் கடந்தது. அமெரிக்கர்களுக்காவது போகிற திசையில் முகம் இருந்தது.

இதன் முழுப் பெருமையும் நம் மாண்புமிகு ஒப்பந்தச் சட்டத்தையே சேரும்.

ஜெபமணி பஸ் கண்டக்டராக இருந்தவர். "முன்னால போங்க, முன்னால போங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்து, வேலையை உதறிவிட்டு வாடகைக் கார் முதலாளியாகத் துணிந்தார். தளியில் தோட்டம் துரவு என்று வாழ்ந்த நாராயணப்பன் தம் பழைய காரை அவருக்கு விற்றார். பின் அச்சைத் தம் பொறுப்பிலேயே பழுது பார்த்து, 'நல்ல ஓட்டத்தில்' ஒப்படைப்பதாகப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டார்.

பழுது பார்த்தவர் குருபரப்பள்ளி ரோட்டோர மெக்கானிக் முனிவேல். பின் அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரத்தை அவர் பக்கம் மாற்றி மாட்டிவிட்டார். மற்றபடி வேலை அப்பழுக்கற்றது. முதல் கியர் போட்டால் கார் பின்னால் போனது. மூன்றாவது போட்டால் பின்னால் பறந்தது. ரிவர்ஸ் போட்டால் மட்டும் முன்னால் ஊர்ந்தது, அதுவும் அரை மைலுக்கு ஒரு முறை கொதித்துக்கொண்டு.

"புதுச் செருப்பு மாதிரிங்க. கொஞ்ச நாளு கடிக்கும், அப்புறம் பழகிடும்," என்றார் முனிவேல்.

நாராயணப்பனோ பத்திரத்தை விரித்தார். "ஓட்டம்னு எழுதிக் குடுத்தேன். ஓடுதா இல்லியா? எந்தப் பக்கம்னு நீயில்ல கேட்டு எழுதியிருக்கணும்ப்பா."

ஜெபமணி கிருஷ்ணகிரி முன்சீப் கோர்ட்டுக்குப் போனார். வக்கீல் வைக்க வசதியில்லாததால் தாமே வாதாடினார். நாராயணப்பனுக்கு ஓசூர் வக்கீல் சகாயநாதன். கோர்ட்டில் பொய்யே சொல்லாதவர் என்று பெயரெடுத்த உத்தமர். பின்பக்கமாக ஓடும் கார் உலகத்திலேயே இருக்க முடியாது, எல்லாம் வாதியின் கற்பனை என்று எதிருரை தாக்கல் செய்தார். முன்சீப் காரையே கொண்டுவரச் சொன்னார்.

கட்டி இழுத்துப் போனால், ஜெபமணியே கெடுத்துவிட்டதாகச் சொல்வார்கள். வழக்கில் தோற்றாலோ மறுபடியும் தோளில் கண்டக்டர் தோல்பை. ஓட்டியே போவதென்று முடிவு செய்தார்.

சூளகிரி தாண்டியதும், அதே திசையில் கிருஷ்ணகிரிக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸின் டிரைவர் எல்லப்பனுக்கு, எதிரே ஒரு கார் நேருக்கு நேர் வருவது தெரிந்தது. ஹார்ன் அடித்தார். கார் விலகவில்லை. மோதவும் இல்லை. குருபரப்பள்ளி வரை வந்துகொண்டே இருந்தது. கிட்டே மட்டும் வரவில்லை. எல்லப்பன் பஸ்ஸை ஓரங்கட்டி, தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சாமியைக் கூப்பிட்டுவிட்டு, இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

நடுரோட்டில் ஜனங்கள் தவிப்பதைப் பார்த்துப் பழைய கண்டக்டர் மனசு கேட்கவில்லை. ஜெபமணி காரை நிறுத்தினார். பஸ்ஸிலிருந்து முதல் ஆளாக இறங்கி ஓடி வந்தவர் வக்கீல் சகாயநாதன்.

"ஐயா, இப்படியொரு வண்டியே கிடையாதுன்னு எழுதிக் குடுத்தீங்களே," என்றார் ஜெபமணி பணிவாக.

"அதெல்லாம் கோர்ட்டுல பேசிக்கலாம். இப்பக் கதவைத் தெற, நேரமாச்சு."

சூளகிரி மலை சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தபடி, வக்கீல் சௌகரியமாகக் கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தார். கோர்ட் வாசலில் பெட்ரோல் தீர்ந்து கார் நின்றது. ஜெபமணியின் கழுத்தும் பின்னால் திரும்பியபடியே நின்றுவிட்டது. கோர்ட்டைப் பார்த்துப் பேசும்படி முன்சீப் இரண்டு முறை எச்சரித்தார். அவர் சுவரைப் பார்த்தே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

சகாயநாதன் அன்று பேசிய பேச்சு பொன்னேட்டில் பொறிக்கத் தக்கது. பின்பக்கமாக முப்பது மைல் ஓடுவது விஞ்ஞானத்துக்கு விரோதம், மோட்டார் சட்டத்துக்கு விரோதம், மனித இயல்புக்கே விரோதம் என்றார். கார்தான் வாசலில் நிற்கிறதே என்றார் முன்சீப். நிற்கிற கார் எந்தப் பக்கம் ஓடும் என்று கோர்ட் எப்படி அனுமானிக்க முடியும் என்று மடக்கினார் வக்கீல்.

முன்சீப் தலையசைத்துப் பேனாவை எடுத்தார். ஜெபமணிக்குத் தோளில் பையின் கனம் தெரிந்தது.

"ஐயா, வக்கீலய்யா இன்னிக்கு எதுல வந்தாருன்னு மட்டும் கேளுங்க," என்றார் சுவரிடம்.

முன்சீப் கேட்டார்.

சகாயநாதன் அங்கியைச் சரிசெய்துகொண்டார். "அந்தக் காருலதான், யுவர் ஆனர். பின்பக்கமாத்தான் வந்தது."

"அப்போ இவ்வளவு நேரம் பேசினீங்களே?"

"அது வாதம், யுவர் ஆனர். உண்மையை இப்பத்தானே கேக்கறீங்க."