கம்ப்யூட்டருக்குப் பூ வைத்த மாப்பிள்ளை

கம்ப்யூட்டர் துறையில் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டியிருக்கிறேன். இன்றுவரை ஒரு கம்ப்யூட்டரைக்கூட நான் சரிசெய்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இது உறவுக்காரர்களுக்குப் புரியாது. பெங்களூர் வைட்ஃபீல்டில் வேலை என்றால் மோடம் முதல் மிக்சி வரை எல்லாவற்றையும் கழற்றி மாட்டத் தெரியும் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் நான் செய்த வேலை என்ன தெரியுமா? எந்த சாஃப்ட்வேரிலும் 'ஹெல்ப்' என்று ஒரு மூலை இருக்கும். அதை அழுத்தினால் யாருக்கும் உதவாத சில பக்கங்கள் திறக்கும். அந்தப் பக்கங்களை எழுதுகிறவன் நான். 'இத்தனையும் செய்து பிரச்சினை தீரவில்லை என்றால் உங்கள் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரை அணுகவும்' என்பது நான் வாழ்க்கையில் அதிகம் எழுதிய வாக்கியம்.

பெண் பார்க்கப் போன அன்றே இதை விளக்கியிருக்கலாம். ஆரணியிலிருந்து பெங்களூருக்கு வந்து, அறையில் நாலு பேரோடு பாய் போட்டுப் படுத்திருந்தவனுக்கு ஜோகுபாளையத்தில் சொந்த வீட்டுப் பெண் கிடைக்கிற நேரம். "கம்ப்யூட்டர்ல இருக்கேன்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு பஜ்ஜியைக் கடித்தேன். (சொன்னது பொய் இல்லையே.)

மாமனார் கர்நாடக அரசாங்க ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக அந்தப் பேட்டையிலேயே இருக்கும் குடும்பம். பேச்சு பாதி தமிழ், பாதி கன்னடம், முழுக்க அதட்டல். சிரித்தால் பென்ஷனில் பிடித்துக்கொள்வார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த மாமனார் இரண்டாயிரமாம் வருஷ வாக்கில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். மகன் ரவி அமெரிக்காவில் இருந்தான். அவன் மனைவிக்குப் பிரசவ நேரம். முதல் பேரக்குழந்தை. போய்ப் பார்க்க விசா கிடைக்கவில்லை. போட்டோ தபாலில் வந்து சேர்வதற்குள் குழந்தை நடக்க ஆரம்பித்துவிடும், மெயிலில் என்றால் உடனே பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒன்றை வாங்கி ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார். மாமியார் அதற்கு ஓரத்தில் லேஸ் வைத்து ஒரு உறை தைத்துப் போட்டிருந்தார்.

எங்களுக்குக் கல்யாணமாகி வந்த முதல் தசரா அது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அங்கே பெண் குழந்தை பிறந்தது. பூஜையன்று மத்தியானம் ரவி போன் செய்து, போட்டோ அனுப்பியிருக்கிறேன், மெயிலைப் பாருங்கள் என்றான். ஆனால் அதற்குள் கம்ப்யூட்டரைப் பூஜையில் வைத்தாகிவிட்டது. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலை புனர் பூஜை முடியாமல் தொடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். பார்த்துவிட்டு மறுபடி வைத்துவிடலாமே என்று மாமியார் கேட்டதற்கு ஒரு முறைப்புதான் பதில். ஆனால் அன்று முழுக்க மாமனார் அந்தக் கம்ப்யூட்டரையே சுற்றிச் சுற்றி வந்தார். சாமியைச் சுற்றுகிறாரா, பேத்தியைச் சுற்றுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து அலங்காரம் செய்யும் பொறுப்பைப் புது மாப்பிள்ளையான என்னிடம் கொடுத்திருந்தார்கள். துறை சார்ந்த பொறுப்பல்லவா, நான் ஒரு குறையும் வைக்கவில்லை. மானிட்டர் நெற்றியில் விபூதிப் பட்டை. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். மவுஸ் ஒயரில் பூச்சரம். கீபோர்டில் எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நடுவே, அம்புக்குறிகளுக்கு மேலே கொஞ்சம் காலியிடம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது சேவந்திப் பூ வைப்பதற்கென்றே விட்ட இடம் என்று எனக்குப் பட்டது. பூ நிற்கவில்லை. சந்தனத்தைத் தளரக் குழைத்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு அப்பி, அதில் பூவை நட்டேன். மாப்பிள்ளைக்கு என்ன பக்தி என்று மாமியார் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்வது காதில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் சந்தனம் அப்பினேன்.

மறுநாள் காலை பூஜை முடிந்ததும் பொரியும் கடலையும் கையில் வாங்கிக்கொண்டு எல்லோரும் ஹாலுக்கு வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாவும் வந்தார். மாமனார் வெள்ளை வேட்டியில் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போடுங்க மாப்பிள்ளை" என்றார். போட்டேன்.

வழக்கமாக வருவது வரவில்லை. திரை நீலமாகி, மஞ்சள் எழுத்தில் வரிசை வரிசையாக ஆங்கிலம் வந்து நின்றது. மேலே செட்டப் என்று ஏதோ போட்டிருந்தது. அணைத்துப் போட்டேன். அதே நீலம். இன்னொரு முறை. அதே நீலம். ஹாலில் பொரி மெல்லும் சத்தம் நின்றுவிட்டது.

"ஏனாயித்து? என்னாச்சு?" என்றார் மாமனார்.

வைரஸாக இருக்கலாம் என்றேன். அந்தக் காலத்தில் எதற்கும் அப்படிச் சொன்னால் மரியாதை கிடைக்கும். கிடைக்கவில்லை. விபூதி பூசிய ஸ்க்ரூடிரைவரைப் பூஜைத் தட்டிலிருந்தே எடுத்து, பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. இரண்டு ஒயர்களைத் தொட்டு, தலையாட்டி, மரியாதையாக மூடிவிட்டேன். கம்ப்யூட்டர் விற்ற கடை விஜயதசமிக்கு லீவு. தெருமுனை பிரௌசிங் சென்டரில் வாழைக்கன்று கட்டி ஷட்டரை இறக்கியிருந்தார்கள். நான் எழுதிய பக்கங்களின்படி அடுத்த கட்டம் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரை அணுகுவது. அந்த வீட்டில் அது நான்தான்.

வேறு வழியில்லாமல் அந்த நீலத் திரைக்குள்ளேயே புகுந்தேன். ஒவ்வொரு வரியாகத் திறந்து, மாற்ற முடிந்ததையெல்லாம் மாற்றினேன். ஒரு வரியில் செட்டப் என்று இருந்தது. அதைத் தட்டினால் சிஸ்டம் என்று மாறியது. காலையிலிருந்து இந்தச் செட்டப்தானே பாடாய்ப் படுத்துகிறது, நமக்கு வேண்டியது சிஸ்டம்தானே என்று அதை சிஸ்டமாகவே விட்டேன். (கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் பாஸ்வேர்டு கேள் என்று அதற்கு நான் உத்தரவு போட்டிருக்கிறேன் என்பது பல வருஷம் கழித்துத் தெரிந்தது.) அடுத்து பாஸ்வேர்டு என்று ஒரு வரி. அதைத் திறந்ததும் ஒரு சிவப்புக் கட்டம் வந்து, பாஸ்வேர்டு கொடு என்றது.

ஆகா, இதுதான் விஷயம், பாஸ்வேர்டு கொடுக்காததால்தான் வண்டி நகரவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஏதாவது பாஸ்வேர்டு வைத்தீர்களா என்று மாமனாரிடம் கேட்டேன்.

"நான் ஏன் வைக்கணும்? என் வூட்ல யார்னா திருடன் இருக்கானா?" என்றவர், ஒரு போட்டோ காட்டத் தெரியாதவனுக்கு என்ன சம்பளமோ என்று கன்னடத்தில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் முணுமுணுத்தார். எனக்குக் கன்னடம் வராது என்று நினைத்துவிட்டார். திட்டு மட்டும் எனக்கு எல்லா மொழியிலும் புரியும்.

வந்த கோபத்தில் விரல்கள் தாமாக அடித்தன. நானும் என் மனைவி மாலதியும் அறைக்குள் பேசும்போது மாமனாருக்கு ஒரு பேர் உண்டு. சிடுசிடு. கல்யாணமான மூன்றாம் நாளே அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்த பேர் அது. எஸ், ஐ, டி, யு, மறுபடியும் எஸ், ஐ, டி, யு. கட்டத்தில் எட்டு நட்சத்திரங்கள்தான் தெரிந்தன, அந்தத் தைரியம். கம்ப்யூட்டர் இன்னொரு முறை கேட்டது. இன்னொரு முறை திட்டினேன். கட்டம் மறைந்தது. ஒத்துக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். (உண்மையில் அதையே புதுப் பாஸ்வேர்டாக வைத்துக்கொண்டுவிட்டது.) எல்லாவற்றையும் பத்திரப்படுத்தட்டுமா என்றது. தாராளமாக என்றேன்.

மறுபடி ஆரம்பித்தபோது, கறுப்புத் திரை வந்து முதல் வேலையாகப் பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன். பழையபடி நீலம். பக்கத்து வீட்டு அம்மா ஆறுதலாக, பூஜையில் ஏதாவது குறை வைத்திருப்பீர்கள் என்றார்.

அப்போதுதான் மாமியார், வாடின பூவையெல்லாம் எடுத்துவிட்டுச் சுத்தமாகத் துடைத்தால்தான் எதுவும் விளங்கும் என்று ஈரத்துணியைக் கொடுத்து மாலதியை அனுப்பினார். அவள் கீபோர்டிலிருந்த சேவந்தியைப் பிடுங்கினாள். காய்ந்த சந்தனம் பாளமாக அதோடு வந்தது. அதுவரை அமுங்கிக் கிடந்த 'டெலீட்' விசை டக்கென்று மேலே எழும்பியது. அந்த விசையை அழுத்திக்கொண்டே போட்டால் நீலத் திரைதான் வரும் என்று நானே எங்கோ ஒரு ஹெல்ப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மாலதி சந்தனக் கட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். துடைத்துவிட்டுப் போனாள்.

இனி சரியாகிவிடும் மாமா, நானே போடுகிறேன் என்று பரபரத்தேன். ஆனால் மாமனார் எழுந்து வந்து, என்னை நகரச் சொல்லி, கீபோர்டு முன்னால் சேரைப் போட்டுக்கொண்டுவிட்டார். "நீங்க பண்ணது போதும். என் பேத்திய நானே தொறந்து பாத்துக்கறேன்" என்றார். பெட்டியின் பொத்தானை அழுத்தினார். கறுப்புத் திரை. கீழே கண்சிமிட்டிக்கொண்டு பாஸ்வேர்டு கேள்வி.

"இன்னா அடிக்கணும், சொல்லுங்க."

எனக்கு வியர்த்துவிட்டது. நானே அடிக்கிறேனே மாமா என்றேன். வேண்டாம் என்றார். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று உங்களுக்குக் குழப்பமாக இருக்கும் என்றேன். முப்பத்தைந்து வருஷம் ஆபீஸில் டைப் அடித்தவனுக்கு ஒரு எழுத்து குழம்பாது என்றார். மறந்துவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் அந்தப் பேத்தியின் முகம் இந்தப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். நேற்று முழுக்க அவர் இதைச் சுற்றி வந்த நடை நினைவுக்கு வந்தது. மாலதி சுவரிலிருந்த காலண்டரை ஊன்றிப் படிக்க ஆரம்பித்திருந்தாள்.

"எஸ்" என்றேன்.

"எஸ்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தி அடித்தார். ஐ என்றேன். ஐ. டி என்றேன். டி. யு என்றேன். யு. ஆபீஸில் தந்தி வாசிக்கிற குரல். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"அப்பறம்?"

"மறுபடியும் அதேதான் மாமா."

"அதேன்னா?"

அதையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எட்டாவது எழுத்தை அடித்துவிட்டு விரலை எடுத்தார். பழைய சூப்பிரண்டு, எதையும் ஒரு முறை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதவர். முதலிலிருந்து சேர்த்துச் சொல்லிப் பார்த்தார். "எஸ், ஐ, டி, யு... சிடு. எஸ், ஐ, டி, யு... சிடு." பிறகு சேரோடு என் பக்கம் திரும்பினார்.

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று நின்றேன். அப்போது பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "ஏம்மா மாலு, நான் வெச்ச பேர மாப்பிள்ளைக்கு ஏண்டி சொன்னே?"

பக்கத்து வீட்டு அம்மாதான் முதலில் சிரித்தார். அப்புறம் மாமியார், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. கல்யாணமான புதிதில் இவர் தோசைக்கெல்லாம் சிடுசிடுத்ததில் வைத்த பேராம். ஊரெல்லாம் தெரியுமாம், உரியவருக்கு மட்டும் அன்றுதான் தெரிந்தது. மாமனார் திரும்பி, என்டரை மட்டும் கொஞ்சம் பலமாகத் தட்டினார்.

கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாக ஆரம்பித்தது. மோடம் கீச்சிட்டு, கரகரத்து, மெயில் வந்தது. அந்த நாளில் போட்டோ மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். முதலில் வெள்ளைத் துணி. பிறகு கறுப்பாக முடி. பிறகு நெற்றி, அதில் மூன்று கோடு. அடுத்து புருவம் இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. முழு முகமும் வந்தபோது, உலகத்தின் மீது பெரும் அதிருப்தியோடு எங்களை முறைத்துக்கொண்டிருந்தாள் அந்தக் குழந்தை. யார் ஜாடை என்று சொல்ல அவசியமே இருக்கவில்லை.

மாமனார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்து முடித்தும் வேட்டி நுனி கண்ணிலேயே இருந்தது. பிறகு, திரையைப் பார்த்தபடியே, "இந்தப் பேர மாத்தணும்னா எப்படி மாத்தறது?" என்று கேட்டார்.

"தெரியாது மாமா" என்றேன். அன்று நான் பேசிய முதல் உண்மை.

அப்புறம் யாரும் மாற்றவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் எடைக்குப் போகிறவரை, மாமனார் காலையில் காப்பி குடித்துவிட்டு வந்து, தன் பேரைத் தானே எழுத்துக் கூட்டி அடித்துத்தான் பேத்தியைப் பார்த்தார். அவள் இப்போது காலேஜ் போகிறாள். வீட்டில் அவள் சின்ன சிடுசிடு, அவர் பெரிய சிடுசிடு. அந்த வீட்டில் நான் யார் என்று போன தை மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில்தான் தெரிந்தது. பந்தியில் மாமனாருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த புதுச் சம்பந்தி ஒருவர், இந்தப் பக்கம் என்னைக் காட்டி, மாப்பிள்ளை என்ன லைனில் இருக்கிறார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"கம்ப்யூட்டர் லைன்தான். எனக்குப் பேர் வெச்சது என் பொண்டாட்டி. அத எனக்கே டைப் அடிக்கக் கத்துக்குடுத்தவர் இவர்."