மாப்பிள்ளை மாட்டிய வாட்டர் பம்ப்

மெக்கானிக் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன் கையில் ஸ்பேனரைக் கொடுக்கவே கூடாது. எனக்குக் கொடுத்தார்கள். (கொடுத்தார்கள் என்ன, நானேதான் எடுத்துக்கொண்டேன்.)

மலேசியா, எழுபதுகளின் கடைசி. மெர்போக் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்த எனக்குச் சுங்கைப் பட்டாணி டவுனில் குமாஸ்தா வேலை. பழைய கார் ஒன்றும் வாங்கியாயிற்று. தபால் ஆபீஸில் பார்த்த விமலாவைப் பெண் கேட்கச் சொல்லி அம்மாவை நச்சரித்தேன். விமலாவின் அப்பா, ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்தும் புகைக்கூடத்தில் உழைத்து ஓய்ந்தவர்.

"எஸ்டேட்டு சம்பந்தமே வேணாம்லா. ஆயுசு பூரா ரப்பர் வாடையிலயே கெடந்துட்டேன். அது என் மக மேல படக்கூடாது" என்று சொல்லியனுப்பினார். டவுன் வேலை, சொந்தக் கார் என்று அம்மா எடுத்துச் சொன்ன பிறகுதான் வீட்டுக்கு வரச் சொன்னார்.

போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், எஞ்சின் சூடாகாமல் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் ஒழுகியது.

"ஒர்க்‌ஷாப்புல விடுடா" என்றாள் அம்மா.

"நாலு போல்ட்டும்மா. இதுக்குப் போயா?"

புதுப் பம்ப்பை வாங்கி வந்து மாட்டும்போது, ஒழுகாமல் இருக்க நடுவில் வைக்கும் காகித கேஸ்கெட் என் கையோடு கிழிந்து வந்தது. அதற்குள் கடைகளை மூடிவிட்டார்கள். உடனே என் மூளை வேலை செய்தது. நம்ம ரப்பர் உலகத்துக்கே டயராகப் போகிறதே, ஒரு பம்புக்கு ஆகாதா? வீட்டில் கிடந்த எஸ்டேட் ரப்பர் ஷீட்டை வட்டமாகக் கத்தரித்து, நடுவில் வைத்து முறுக்கினேன். ரேடியேட்டர் நிறையப் பச்சைக் கூலண்ட். சொட்டுக்கூட ஒழுகவில்லை! பதப்படுத்தாத ஷீட் சூட்டில் இளகிவிடும் என்று எஸ்டேட்டில் பிறந்தவனுக்குத் தெரியாதா? தெரியும். (அன்றைக்கு மட்டும் தெரியவில்லை.)

மறுநாள் பாதி வழியிலேயே எஞ்சின் கொதித்தது.

"என்னடா, நம்ம எஸ்டேட்டு வாடை காருக்குள்ள அடிக்குது?" என்றாள் அம்மா. நான் ஜன்னலை இறக்கிவிட்டேன்.

விமலா வீட்டு வாசலில் நிறுத்தியதும் புஸ்ஸென்று ஆவி. பச்சைத் தண்ணீர் கோலத்தின் மேல் ஓடியது. கூடவே புகைக்கூடமே பற்றி எரிவதுபோல வாடை. வெளியே வந்த அவள் அப்பா மூக்கை உறிஞ்சினார். நேராகப் போய்ப் பானெட்டைத் திறந்து, பம்பின் ஓரம் பிதுங்கியிருந்ததை ஒரு குச்சியால் இழுத்தார். ஜவ்வாக நீண்டுகொண்டே வந்தது.

"தம்பி, இது ஷீட்டுல்ல?"

"ஆமாங்க."

"இத எதுக்குப்பா காருக்குள்ள வச்சீங்க?"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசற்படியில் விமலா சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னம்மா சிரிப்பு? வேணாம்னு சொல்லி அனுப்பிடவா?" என்றார் அவள் அப்பா.

"ஐயோ, அனுப்பிடாதீங்கப்பா. இவரே இருக்கட்டும். கல்யாணத்துக்கு மட்டும் பஸ்ல வரச் சொல்லுங்க."

அப்படியேதான் போனோம். எங்கள் கல்யாணப் படத்தில், மாலையோடு நிற்கும் எனக்குப் பக்கத்தில், தோளில் டிக்கெட் பையோடு ஒருவர் நிற்பார். "இவரு தாத்தாவுக்கு என்ன வேணும்?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் விமலா சிரிக்காமல் சொல்வாள்:

"அவருதான்டா உங்க தாத்தாவ எங்கிட்ட பத்திரமாக் கொண்டாந்து சேத்தவரு."